ஒரு நாள் காட்டு நடை: சுற்றுப்பாதைக்குக் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

போன வழியே திரும்பி வரும் பாதையில் ஒரு வசதி உண்டு. கால் வலிக்கிறதா, வானம் கறுக்கிறதா, அப்படியே திரும்பிவிடலாம். எவ்வளவு தூரம் போனோமோ அவ்வளவு தூரம்தான் வரவும் வேண்டும், வழியும் பார்த்த வழி. சுற்றுப்பாதை அப்படியில்லை. கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடும், ஒரே மரத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டியதில்லை, அதனாலேயே எல்லோருக்கும் பிடிக்கிறது, எனக்கும்தான். ஆனால் பாதி தாண்டிவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அந்த இடத்தில் களைத்துப்போன மனது "இன்னும் கொஞ்சம்தானே, போய்விடலாம்" என்றுதான் சொல்லும். ஒருமுறை நாங்கள் நான்கு பேர் அப்படிச் சொல்லிச் சொல்லியே போய், கடைசி இரண்டு கிலோமீட்டரை ஒரே ஒரு செல்போன் வெளிச்சத்தில், வேர் எது நிழல் எது என்று தெரியாமல் தடவித் தடவி நடந்து வந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைய தப்பு முந்தைய நாள் வீட்டிலேயே நடந்துவிட்டது: எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவர்கூட யோசித்திருக்கவில்லை.

அதனால் இதில் முக்கால்வாசி அந்த நேரக் கணக்கைப் பற்றித்தான் இருக்கும். என்ன ஷூ, என்ன பை என்பதெல்லாம் அப்புறம்.

பாதையைப் படிப்பது

"நடுத்தரக் கடினம்" என்று ஒரு பாதைக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் இதற்குக் கிடையாது. வாரம் தவறாமல் மலை ஏறுகிறவர் எழுதியிருந்தால் அவருடைய நடுத்தரம் நமக்கு முட்டி கழன்றுபோகும் ரகமாக இருக்கலாம். பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். எப்போதாவது நடக்கிற, ஆனால் உடம்பு நன்றாக இருக்கிற ஒருவருக்கு 8 முதல் 14 கிலோமீட்டர், 300 முதல் 600 மீட்டர் ஏற்றம் என்பதை நான் நடுத்தரம் என்பேன்.

மொத்த ஏற்றம் என்பது உச்சியின் உயரத்திலிருந்து கிளம்பும் இடத்தின் உயரத்தைக் கழித்து வருவது இல்லை, இதில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். பாதை நடுவில் மூன்று ஓடைகளுக்கு இறங்கி ஏறினால் அந்த ஏற்றங்களும் சேரும். வரைபடத்தில் உயரக் கோடுகளைப் பாருங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எத்தனை மீட்டர் என்று ஓரத்தில் போட்டிருக்கும், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடுகளுக்கு அர்த்தமே இல்லை. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு லேசு. பாதை அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் மூச்சு வாங்கும், கோட்டோடு கோடாகப் போனால் சமதளம் மாதிரிதான். ஓடை இருக்கும் இடத்தில் கோடுகள் மடிந்து கூர்மையாகும், அந்தக் கூர்முனை மேட்டுப் பக்கம் காட்டும். இது ஒன்று தெரிந்தால் போதும், எங்கே இறங்கி எங்கே ஏறப் போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்தே விரலால் நடந்து பார்த்துவிடலாம்.

அப்படி விரலால் நடக்கும்போது நான்கைந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதை பிரியும் இடங்கள் எத்தனை, ஓடையைக் கடப்பது எங்கே, அங்கே பாலம் இருக்கிறதா இல்லை கல் தாண்டிப் போக வேண்டுமா, நடுவிலிருந்து சாலைக்கோ கிளம்பிய இடத்துக்கோ வெட்டிக்கொண்டு வரும் குறுக்குப் பாதை ஏதாவது உண்டா. குறுக்குப் பாதை இருக்கும் சுற்றுப்பாதை கிடைத்தால் முதல்முறை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையே தேர்ந்தெடுக்கலாம். அப்புறம் பாதை திறந்திருக்கிறதா, அனுமதிச் சீட்டு வேண்டுமா, வாசல் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதை அந்தக் காட்டை நிர்வகிப்பவர்களிடமே கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய அனுபவக் குறிப்பு இதற்கு உதவாது. ஒரு புயலில் பத்து மரம் விழுந்தால் பாதையே மாறிவிடும்.

நேரக் கணக்கு

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய விதி சொன்னார், இன்றைக்கும் அதைத்தான் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 2000 அடி ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். நம் அளவில் சொன்னால் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 100 மீட்டர் ஏறினால் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும், மனக்கணக்குக்கு இதுவே சுலபம்.

ஆனால் நெய்ஸ்மித் உட்காரவே மாட்டார் போலிருக்கிறது. அவருடைய கணக்கில் தண்ணீர் குடிக்க நிற்பது, ஷூ கயிறு கட்டுவது, பறவையை அண்ணாந்து பார்ப்பது எதுவும் இல்லை. காட்டுப் பாதையில் வேரும் கல்லும் ஈர இலையும் இருக்கும்போது மணிக்கு 5 கிலோமீட்டர் எனக்கு வராது, 4 என்றே வைத்துக்கொள்கிறேன். குழந்தைகளோ புதியவர்களோ கூட வந்தால் 3.

ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர். முதல் 5 கிலோமீட்டரில் மொத்த ஏற்றமும் முடிந்து உச்சி வந்துவிடுகிறது, மீதி 7 கிலோமீட்டர் லேசான இறக்கம். உச்சி வரை: 5 கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம், ஏற்றத்துக்கு 50 நிமிடம், நடுவில் நிற்பதற்கு ஒரு 25 நிமிடம், ஆக இரண்டரை மணி நேரம். உச்சியிலிருந்து கீழே: 7 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், சாப்பிட்டு இளைப்பாற முக்கால் மணி நேரம், அதுவும் இரண்டரை. மொத்தம் ஐந்து மணி நேரம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1 மணிக்கு வெளியே வந்துவிடலாம்.

இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். சுற்றுப்பாதைக்கு இன்னொரு வரி எழுத வேண்டும்: எத்தனை மணிக்குள் உச்சிக்கு வராவிட்டால் திரும்ப வேண்டும்?

சூரியன் 6:15-க்கு மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே அதற்கு வெகு முன்பே இருட்டத் தொடங்கிவிடும், பள்ளத்தாக்கின் நிழல் பக்கமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, 4:15-க்குள், வெளியே வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. இப்போது ஒருவர் நினைப்பார், "உச்சியிலிருந்து கீழே வர இரண்டரை மணி நேரம்தானே, அப்படியென்றால் 1:45-க்கு உச்சியில் இருந்தாலும் பரவாயில்லையே" என்று. பரவாயில்லை இல்லை. இரண்டரை மணி நேரத்தில் வர வேண்டிய உச்சிக்கு நீங்கள் ஐந்தே முக்கால் மணி நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றால், அன்றைக்கு உங்கள் வேகமே அதுதான். யாருக்கோ கால் சரியில்லை, பாதை சேறு, கூட்டம் பெரியது, ஏதோ ஒன்று. அது உச்சியைத் தாண்டியதும் மாயமாகச் சரியாகிவிடாது. மீதிப் பாதிக்கும் ஏறக்குறைய அதே ஐந்தே முக்கால் ஆகும், இரவு 7:30-க்குத்தான் வெளியே வருவீர்கள்.

ஆகவே கணக்கு இப்படி. இரண்டு பாதிக்கும் திட்டப்படி ஒரே நேரம் என்பதால், ஏற எடுத்துக்கொண்ட நேரமே இறங்கவும் ஆகும் என்று வையுங்கள். 8 மணியிலிருந்து 4:15 வரை எட்டே கால் மணி நேரம், அதில் பாதி நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மதியம் 12 மணிக்கு உச்சி வராவிட்டால் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, "அந்த வளைவுக்கு அப்புறம்தான்" என்று எதிரே வருகிறவர் சொன்னாலும் சரி. (எதிரே வருகிறவர்கள் எப்போதும் பத்து நிமிடம் என்றுதான் சொல்வார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

சரியாக 12 மணிக்கு உச்சியில் நிற்கிறீர்கள், ஆனால் ஒருவருக்கு முட்டி வலி, வானமும் மூடிக்கொண்டு வருகிறது என்றால்? முன்னால் 7 கிலோமீட்டர் தெரியாத பாதை, பின்னால் 5 கிலோமீட்டர் தெரிந்த பாதை. பின்னால்தான். இரண்டும் 6 கிலோமீட்டராக இருந்தாலும் நான் பின்னால்தான் போவேன், ஏனென்றால் வந்த வழியில் எந்த ஓடை எப்படி இருந்தது, எந்தப் பிரிவில் எந்தப் பக்கம் என்பது காலுக்கே நினைவிருக்கும்.

கிளம்பும் நேரம், உச்சி நேரம், திரும்பும் நேரம், இந்த மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். களைப்பில் எடுக்கும் முடிவை விட முந்தைய இரவு தெளிவாக எழுதியது மேல், கூட வருகிறவர்களோடு வாக்குவாதமும் மிச்சம்: "நான் சொல்லவில்லை, காகிதம் சொல்கிறது."

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

சுற்றுப்பாதையில் வலமாகப் போனாலும் இடமாகப் போனாலும் மொத்த ஏற்றம் ஒன்றுதான், ஏறியதை எல்லாம் இறங்கித்தானே ஆக வேண்டும். ஆனால் நடக்கிறவருக்கு இரண்டும் வேறு வேறு பாதைகள். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் லேசான சாய்வு என்றால், செங்குத்தில் ஏறி சாய்வில் இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன். காலை வெயில் ஏறாத நேரம், கால் புதிது, கடினமான பகுதி முதலிலேயே முடிந்துவிடுகிறது. ஏறும்போது நுரையீரல்தான் திணறும், நின்றால் சரியாகிவிடும். செங்குத்தில் இறங்கும்போது அடி வாங்குவது முட்டி, அது நின்றால் சரியாகாது, மறுநாள் மாடிப்படியில் தெரியும். வழுக்கி விழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான், அதுவும் களைத்துப்போன மதியத்தில்.

இன்னொரு லாபமும் உண்டு. கோடை மாதங்களில் பல மலைக்காடுகளில் இடி மழை மதியத்துக்கு மேல்தான் வரும். செங்குத்தான பக்கமாகக் காலையிலேயே உச்சிக்குப் போய்விட்டால், மின்னல் தொடங்கும் நேரத்தில் நீங்கள் தாழ்வான மரக்கூட்டத்துக்குள் இருப்பீர்கள்.

இதற்கு விதிவிலக்கு ஓடை. பாலம் இல்லாத ஓடை ஒன்று பாதையின் கடைசிப் பகுதியில் வருகிறது, மழையும் எதிர்பார்க்கலாம் என்றால் பக்கத்தை மாற்றிக்கொண்டு அதைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். பதினொரு கிலோமீட்டர் நடந்துவிட்டு, வண்டி நிற்கும் இடம் அந்தக் கரையில், நடுவில் செம்மண் நிறத்தில் வெள்ளம் என்று நிற்பதைப் போலக் கொடுமை கிடையாது.

காலும் பையும்

புது ஷூ போட்டுக்கொண்டு நடைக்குப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். ஷூவை மாலையில் போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காட்டிலும் அப்படித்தான் இருக்கும். கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டுமா என்றால், இந்த மாதிரி ஒரு நாள் பாதைக்குக் கட்டாயம் இல்லை. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலில் ஒரு இடம் மட்டும் சூடாகத் தெரியும், லேசாகக் குறுகுறுக்கும். நூற்றில் தொண்ணூறு பேர் "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடப்பார்கள். அங்கேயே உட்காருங்கள். ஷூவைக் கழற்றி, சாக்ஸைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளையோ காய்ந்த புல்லையோ தட்டிவிட்டு, மடிப்பில்லாமல் இழுத்து, சிவந்த இடத்தில் ஒட்டும் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு, கயிற்றைக் குதிகால் அசையாதபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். ஐந்து நிமிடம். விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் தோல் பிரிந்து நீர் கோத்துவிடும், அப்புறம் மீதி எட்டுக் கிலோமீட்டரும் நொண்டல்தான். ஒரு ஜோடி கூடுதல் சாக்ஸ் எடுத்துப்போவது இதற்காகத்தான்.

உடைக்கு ஒரே விதி: பருத்தி வேண்டாம். வியர்வையையும் மழையையும் குடித்துக்கொண்டு காயவே காயாது, வெயிலில் அது சுகம், ஆனால் உச்சியில் காற்றடிக்கும்போது முதுகு ஜில்லிட்டுப் போகும். சீக்கிரம் காயும் செயற்கை இழைச் சட்டையோ மெல்லிய கம்பளியோ நல்லது. 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். 500 மீட்டருக்கு மூன்று டிகிரிதானே என்று தோன்றும், ஈரமும் காற்றும் சேர்ந்தால் அது மூன்று டிகிரியோடு நிற்காது. அதனால் ஒரு மழைக்கோட்டும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும், வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும், பையில் இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்குங்கள், நல்ல வெயிலானால் அதைவிட அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர், அது இரண்டரை கிலோ எடை. முதுகில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். வழியில் ஓடை இருக்கிறதே, அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்றால், வரைபடத்தில் நீலக் கோடாக இருப்பது கோடையில் வெறும் கல்லாக இருக்கலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் மேலே ஏதோ ஒரு விலங்கு செத்துக் கிடக்கலாம், அதனால் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்காதீர்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். சாப்பிட உப்புள்ளதும் இனிப்பானதும் கொஞ்சம் கொஞ்சமாக, பசிப்பதற்கு முன்னாலேயே. பசித்த பிறகு கோபம்தான் முதலில் வரும், கூட வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மீதிப் பட்டியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் மாட்டும் டார்ச், பகலில் திரும்பும் திட்டமாக இருந்தாலும், பேட்டரி போட்டு எரிகிறதா என்று பார்த்த டார்ச். விசில். சிறு மருந்துப் பை, அதில் நுனி மெல்லிய இடுக்கி ஒன்று. தொப்பி. குப்பைக்கு ஒரு பை. உங்களுக்கென்று தினமும் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அன்றைக்கு வேண்டியதோடு இன்னொரு வேளைக்கும் சேர்த்து. இவ்வளவும் 20 லிட்டர் பையில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேண்டாதது எதையோ எடுத்துப்போகிறீர்கள்.

வழி தெரிவது

செல்போன் வரைபடத்தை நானும் நம்புகிறேன், ஆனால் சோதித்த பிறகு. முந்தைய இரவே பகுதியை இறக்கி வைத்துவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டு, வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம் தெரிந்தால் சரியாக இறங்கவில்லை. காட்டிலும் அதே விமானப் பயன்முறையில் வையுங்கள். ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் இல்லாத டவரைத் தேடித் தேடி பேட்டரி தீர்ந்துபோவது நிற்கும். அடர்ந்த மரங்களுக்கும் செங்குத்துப் பாறைகளுக்கும் நடுவில் அந்த நீலப் புள்ளி பாதையை விட்டு விலகி நிற்கும், உடனே பயந்து புதருக்குள் இறங்கிவிடாதீர்கள், காலடியில் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காகித வரைபடம் ஒன்றும் இருந்தால் கீழே விழுந்து உடையாது, சார்ஜும் வேண்டாம்.

மரத்தில் பெயின்ட் குறிகள் இருக்கும் பாதையானால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த குறியைப் பார்க்கும் வரை கடைசிக் குறி எங்கே என்று மனதில் இருக்கட்டும். பாசி ஏறிப் பாதி மறைந்த குறியும், கவை பிரியும் இடத்தில் இலை குவிந்து இரண்டு பக்கமும் பாதை மாதிரியே தெரிவதும் சகஜம். பல இடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குறி போட்டிருந்தால் திருப்பம் வருகிறது என்று அர்த்தம். பத்து நிமிடமாக ஒரு குறியும் காணோம் என்றால் முன்னால் போய்த் தேடாதீர்கள், கடைசிக் குறிக்குத் திரும்புங்கள். அங்கே நின்று பார்த்தால் முக்கால்வாசி நேரம், நாம் பேசிக்கொண்டே கவனிக்காமல் விட்ட திருப்பம் முகத்துக்கு நேராகவே இருக்கும்.

உண்மையிலேயே வழி தவறிவிட்டால் நில்லுங்கள். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எங்கே கடைசியாகச் சந்தேகமில்லாமல் இருந்தோம் என்று யோசியுங்கள். அந்த இடத்துக்கு நிச்சயமாகப் போகத் தெரியும் என்றால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் இருக்கும் இடத்திலேயே இருப்பதுதான் தேடி வருபவர்களுக்கு உதவி. ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் ஊர் வரும் என்பார்கள், அதற்கு முன்னால் அருவி வரும். விசில் அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. இது ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து வந்த வழக்கம். வட அமெரிக்காவில் மூன்று முறைதான் அபாயக் குறி. எதுவானாலும் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருகிற ஒலி இயற்கையானதில்லை என்று கேட்கிறவருக்குப் புரியும். டவர் லேசாக வந்து வந்து போனால் அழைப்பு நிலைக்காது, குறுஞ்செய்தி போய்விடலாம். 112 பல நாடுகளில் அவசர எண், நீங்கள் போகும் இடத்தில் எது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

இதெல்லாம் நடக்காமலிருக்க மலிவான வழி ஒன்று உண்டு: வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. "நடக்கப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன்" என்பது சொன்னதாக ஆகாது. எந்தப் பாதை, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம், எத்தனை பேர், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணி வரை தகவல் இல்லாவிட்டால் யாரை அழைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது சின்ன விவரமாகத் தெரியும், ஆனால் தேடுகிறவர்கள் 12 கிலோமீட்டரில் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

நடக்கும்போது

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம், வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும்.

கூட்டமாகப் போனால் ஒரு அநியாயம் எல்லா இடத்திலும் நடக்கும். வேகமானவர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள், மெதுவாக வருகிறவர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த நொடியில் "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். யாருக்கு ஓய்வு தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நிமிடக் கணக்கு தொடங்கும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னாலோ நடுவிலோ விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் சேரும் வரை யாரும் நகரக் கூடாது.

இடி கேட்டால் தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடி வேண்டாம், மொட்டைப் பாறையும் வேண்டாம்; ஒரே உயரத்தில் மரங்கள் அடர்ந்த தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணினால் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை உயரமான இடத்துக்குப் போகாதீர்கள்.

பாம்பைப் பார்த்தால் நின்று, அது போக வழி விட்டால் போதும், பெரும்பாலும் அதற்கும் நம்மிடம் வேலை இல்லை. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து உதவிக்கு அழைக்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் அந்த இடுக்கியால் தோலை ஒட்டினாற்போலப் பிடித்து நேராக இழுங்கள், நெருப்போ எண்ணெயோ வேண்டாம். அட்டை அவ்வளவு மோசமில்லை, நகத்தால் வழித்தால் வந்துவிடும், கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காது, அவ்வளவுதான்.

ஒதுங்க வேண்டியிருந்தால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். காகிதம் திரும்பப் பையில். பழத்தோல் மக்கிவிடும் என்று வீசுகிறவர்கள் இருக்கிறார்கள், மக்கும்தான், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் அதைத் தின்னப் பழகிய விலங்கு அடுத்து வருகிறவரின் பையைத் தேடும்.

திரும்பி வந்ததும் இரண்டு வேலை. சொல்லிவிட்டுப் போனவருக்கு "வெளியே வந்துவிட்டோம்" என்று செய்தி, ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, ஏனென்றால் கழற்றியதும் அந்தச் சுகத்தில் மறந்துவிடும். அப்புறம் சட்டைப் பையில் இருக்கும் அந்தக் காகிதத்தை எடுத்து, திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தை எழுதுங்கள். மூன்று நடைக்குப் பிறகு உங்களுக்கு ஆகும் நேரம் நெய்ஸ்மித் கணக்கைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். எனக்கு அது ஒன்றரை மடங்கு நேரம், கேமராவோடு வரும் ஒரு நண்பன் கூட இருந்தால் இரண்டு மடங்கு.